வாயிற் காவலுக்கு எளிய விதி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் வல்லாரும் இசை வல்லாரும் நின்று நம்மை மகிழ்வித்திருக்கின்றனர். நாமோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேட்டோடும் கோப்புகளோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிய எழுத்தர். கணிப்பொறியின் உள்ளமைப்பைப் பற்றிப் பேச நமக்கென்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணித் தயங்கினோம். ஆயினும் நம் செயலாளர் அவர்கள், “சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் நடந்தது ஏன் நடந்தது என்பதை எல்லோர்க்கும் விளங்கும்படி யாராவது சொல்ல வேண்டும், நீங்களே சொல்லுங்கள்” என்று பணித்தார்கள். மென்பொருள் துறையில் பணியாற்றும் நம் தமக்கையின் மகன் பல ஞாயிற்றுக்கிழமைகள் நம்மோடு அமர்ந்து கற்பித்தவற்றையே இங்குக் கூறுகின்றோம். நிறை உண்டெனில் அவனுக்குரியது. குறை உண்டெனில் நமக்குரியது.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ஒரு கல்வி நிறுவனம், மாணவர்கள் தம் விருப்பப் பாடங்களை இணையத்தின் வாயிலாக மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்யவேண்டும் என்று அறிவித்திருந்தது. நம் குடியிருப்பிலிருந்து பதினொரு பிள்ளைகள் விண்ணப்பித்திருந்தனர். அவர்களுள் ஒருத்தி நம் அடுத்த வீட்டுப் பெண். அவள் தந்தையார் வண்டி ஓட்டுநர். அன்று பணியில் வெளியூர் சென்றிருந்தார். அவரோடு தொலைபேசியில் கலந்து பேசி முடிவு செய்வதற்குள் மணி நான்கரை ஆகிவிட்டது. பின்னர் அப்பெண் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஒரு முறைதான் அழுத்தினாள். “அளவுக்கு மிஞ்சிய வேண்டுகோள்கள் வந்துள்ளன, பிறகு முயல்க” என்று திரை விடை கூறியது. சற்றுப் பொறுத்து மீண்டும் அழுத்தினாள், அதே விடை. தாயும் மகளும் கடைத்தெருவிலுள்ள இணைய மையத்திற்கு ஓடினர். அங்கே பக்கம் திறந்தபோது ஐந்து மணி கடந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த சுற்றில் அவள் விரும்பிய பாடத்தில் இடமில்லை. இன்று அவள் வேறொரு பாடம் பயில்கின்றாள், நன்றாகவே பயில்கின்றாள். ஆனால் தான் விரும்பியதைப் பயிலவில்லை.

சங்கத்தின் பெயரால் முறையீடு எழுதினோம். மூன்று வாரம் கழித்து நேர்மையான மறுமொழி ஒன்று வந்தது. அதன் சாரம் யாதெனில்: தளத்தின் வாயிலில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது, அதன் அமைப்புக் குறிப்பில் “10” என்று ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் அதனை நொடிக்குப் பத்து என்று கருதினார். கருவியோ நிமிடத்திற்குப் பத்து என்று எடுத்துக்கொண்டது. அறுபது மடங்கு வேறுபாடு! மேலும், அப்பத்தும் ஓர் ஆளுக்கு அன்று, ஓர் இணைய முகவரிக்கு. நம் குடியிருப்பு வீடுகளோ ஒரே இணைப்பாளரிடமிருந்து இணைப்புப் பெற்று, ஒரே முகவரியின் பின்னால் நின்று வெளியுலகோடு பேசுகின்றன. ஒரு வீட்டார் பதிவுப் பக்கத்தை ஒருமுறை திறந்தால் நான்கு வேண்டுகோள்கள் செல்லும். ஆகவே இரண்டு வீட்டார் திறந்த அளவிலேயே நம் அனைவருக்கும் உரிய அந்த நிமிடத்தின் பங்கு ஏறத்தாழத் தீர்ந்துபோயிற்று.

அன்பர்களே, இதில் தீய எண்ணம் உடையவர் எவருமில்லை. அலகு இல்லாத ஓர் எண்ணே குற்றவாளி. அவ்வெண்ணைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

முதலில், கட்டுப்பாடு எதற்கு? பதிவுச் சாளரத்தில் வரிசை இல்லையெனில் என்ன ஆகும் என்பதை இரயில்வேக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. இணையத்திலும் அப்படியே. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே, நானூறு கஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் சென்ற இணைப்பு நெரிசலால் நொடிக்கு 40 பிட்டாகச் சுருங்கியது. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் அதன் காரணத்தை ஆராய்ந்து, அனுப்புவோன் நெரிசலைக் கண்டால் தானே அடங்கிப்போகும் முறையை 1988இல் விளக்கி எழுதினார். அது அனுப்புவோனின் அடக்கம். ஆனால் எல்லோரும் அடக்கமுடையோர் அல்லரே! அடங்காதவரையும், தவறிப் பிழை செய்பவரையும் தடுக்கப் பெறுவோன் தன் வாயிலில் வைக்கும் காவலே ‘ரேட் லிமிட்டர்’ என்பது. ‘வரவுக் கட்டுப்பாடு’ என்று நாம் தமிழில் வழங்குவோம்.

இக்காவலை ஒவ்வொருவரும் புதிதாகச் செய்துகொள்வதில்லை. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைகளை ஆயத்தமாகச் செய்துவைத்த நிரலகங்கள் உள்ளன, ‘லைப்ரரி’ என்பர். மென்பொருள் எழுதுவோர் அவற்றை எடுத்துத் தம் வேலையில் பொருத்திக்கொள்வர். ஆகவே நிரலகத்தை ஆக்கியவர் ஒருவர். அமைப்புக் குறிப்பில் எண்களை இடுபவர் மற்றொருவர். அவ்வெண்ணால் நன்மையோ தீமையோ அடைபவர் மூன்றாமவர். முதலாமவர் மனத்தில் இருந்தது இரண்டாமவருக்குப் புரியாவிடில், துன்பம் மூன்றாமவர் தலையில் விழுகின்றது. நம் அடுத்த வீட்டுப் பெண் அந்த மூன்றாமவள்.

இக்காவல் எவ்வாறு இயங்குகின்றது? பெரும்பாலும் ‘டோக்கன் பக்கெட்’ என்னும் முறையில். ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை வழங்கும் இடங்களில், டோக்கனைப் பெறாமல் ஓட்டுநர் அடுத்த பிரிவுக்குள் வண்டியைச் செலுத்தமாட்டார் என்பதை நம் குழந்தைகளும் அறியும். அதனை ஒத்ததே இதுவும். வாயிலில் ஒரு தட்டு இருக்கின்றது. அதில் நொடிக்கு ஐந்து வில்லைகள் விழுகின்றன என்று கொள்வோம். தட்டு இருபது வில்லைகளே கொள்ளும், மிகுந்தவை வழிந்துபோகும். வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு உள்ளே செல்லும். தட்டு வெறுமையானால் வந்தவர் திருப்பி அனுப்பப்படுவார். அவ்வளவே.

இதில் இரண்டே எண்கள். நொடிக்கு ஐந்து என்பது வேகம். இருபது என்பது நெருக்கடிக் கையிருப்பு. இக்கையிருப்பு ஏன்? மக்கள் சீராக வருவதில்லை. காலை எட்டு மணிக்குச் சாளரம் திறந்தால் எட்டு மணிக்கே எல்லோரும் வருவர்; எட்டே காலுக்குச் சாளரம் ஓய்ந்துவிடும். கையிருப்பு இருந்தால் முதல் நெருக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம். கணக்கும் எளிது. நிறைந்த தட்டோடு தொடங்கினால் பத்து நொடியில் மிகுதியாக எத்தனை பேர் நுழையலாம்? இருபதோடு ஐம்பது, ஆக எழுபது. வெறுந்தட்டு மீண்டும் நிறைய எத்தனை நொடி? நான்கு. ஒரு பென்சிலும் துண்டுத் தாளும் போதும். பத்தாம் வகுப்பும் மிகை.

2006 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 4443 என்னும் இணைய ஆவணம், பிழைச் செய்திகளை மட்டுப்படுத்த இம்முறையையே நல்லதொரு வழியாக எடுத்துரைத்து, சிறிய, நடுத்தரக் கருவிகளுக்குத் தட்டில் பத்து, நொடிக்குப் பத்து என்று இரண்டு எண்களையும் எடுத்துக்காட்டாகத் தந்தது. இத்தனை மில்லிநொடிக்கு ஒன்று என்று கடிகாரத்தை மட்டும் பார்த்து விடும் முறை, திடீர் நெருக்கத்தைத் தாங்காதாகையால் ஏற்றதன்று என்றும் கூறிற்று.

இவ்வளவு எளிய பொருள் நடைமுறையில் எவ்வளவு சிக்கலாகின்றது பாருங்கள். உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் இயக்க முறைமையில் ஐ.சி.எம்.பி. என்னும் நெறிமுறைக்கு வரவுக் கட்டுப்பாடு உண்டு. அதில் ஓர் அமைப்பின் இயல்பான மதிப்பு 1000. அஃது இரு செய்திகளுக்கு இடையே விடவேண்டிய மில்லிநொடி. எண் பெருகப் பெருகக் கட்டுப்பாடு இறுகும். அதன் அருகிலேயே மற்றோர் அமைப்பு. அது நொடிக்கு எத்தனை செய்தி என்பது. அங்கே எண் பெருகப் பெருகக் கட்டுப்பாடு தளரும். ஒரே வீட்டில் ஒரு குழாயை வலப்புறம் திருகினால் நீர் வரும், மற்றொன்றை வலப்புறம் திருகினால் நீர் நிற்கும் என்றால் எப்படி? மூன்றாவதாக ஓர் அமைப்பு. அதன் மதிப்பு 6168. இது வேகமும் அன்று, காலமும் அன்று. எட்டு, பதினாறு, 2048, 4096 ஆகிய நான்கின் கூட்டுத்தொகை. எவ்வெவ்வகைச் செய்திகளைக் கட்டுப்படுத்துவது என்பதற்கான மறைகுறிப்பு. இயற்றியவர் திறமையை நாம் குறை கூறவில்லை. அவர்கள் காலத் தேவைக்கேற்பச் சேர்த்துச் சென்றனர். ஆனால் நள்ளிரவில் அவசரமாகத் திருத்த வருபவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சுழியத்தின் கதை இதனினும் வியப்பானது. முன்சொன்ன மில்லிநொடி அமைப்பில் சுழியம் இட்டால் அக்கட்டுப்பாடே நீங்கிவிடும். கோ என்னும் நிரல்மொழிக்குரிய ஒரு வரவுக் கட்டுப்பாட்டு நிரலகத்திலோ, வேகம் சுழியம் என்றால் எதனையும் விடாதே என்று பொருள். ஓரிடத்தில் சுழியம் திறந்த வாயில். மற்றோரிடத்தில் அடைத்த வாயில். இரண்டையும் ஒருவரே அமைக்க நேர்ந்தால் என்ன ஆகும்!

நல்ல எடுத்துக்காட்டுகளும் உண்டு. என்ஜின்எக்ஸ் என்னும் புகழ்பெற்ற சர்வர் மென்பொருளில் வேகத்தை அலகோடு எழுதும் வழக்கம் உண்டு. நொடிக்கு இத்தனை, அல்லது நிமிடத்திற்கு இத்தனை என்று அலகையும் சேர்த்து எழுதலாம். இவ்வொரு வழக்கம் அன்று அந்தத் தளத்தில் பின்பற்றப்பட்டிருந்தால் “10” என்று மட்டும் எழுதியிருக்கமாட்டார்கள். நம் இரயில் பயணச்சீட்டு விதியையும் பாருங்கள். 2022 ஜூனில் இணையத்தில் ஒரு பயனர் ஒரு மாதத்தில் பெறக்கூடிய சீட்டு 6 என்பதிலிருந்து 12 ஆகவும், ஆதார் இணைத்தவர்க்கு 12 என்பதிலிருந்து 24 ஆகவும் உயர்த்தப்பட்டது. யாருக்கு, எத்தனை, எக்காலத்திற்கு என்னும் மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன. படித்தவுடன் விளங்குகின்றது.

யாருக்கு என்பது மிகவும் கருதத்தக்கது. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலக மக்கள் தொகைக்கே அவை போதா. ஆகவேதான் ஒரு முகவரியின் பின்னால் நம்மைப் போல் ஒரு குடியிருப்பே நிற்கின்றது. ஆறாம் பதிப்பிலோ நிலைமை தலைகீழ். ஒரு வீட்டுக்கு வழங்கப்படும் மிகச் சிறிய தொகுதியிலேயே ஒரு இலட்சத்து எண்பத்து நான்காயிரம் கோடி கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அடங்கும். அங்கே முகவரிதோறும் எண்ணினால், தீயவன் ஒருவன் வேண்டுகோளுக்கொரு முகவரியாக மாற்றிக்கொண்டே போவான். காவல் கண்ணிருந்தும் குருடாகும். எனவே நான்காம் பதிப்பில் பகிரப்பட்ட முகவரிக்குத் தாராளமாகவும், ஆறாம் பதிப்பில் முகவரித் தொகுதிக்கு ஒன்றாகவும் எண்ணவேண்டும். லிப்-பி-டு-பி என்னும் நெறிமுறை நிரலகத்தின் கோ வடிவில் இவ்வாறே ஒரு வரையறையை வேகம், கையிருப்பு என்னும் இரண்டு எண்களாகச் சுருக்கி, அதனைப் பொதுவுக்கும் முகவரித் தொகுதிகளுக்கும் ஒரே வடிவில் இடும்படி அமைத்திருக்கின்றனர். புரிந்துகொள்ள வேண்டிய வடிவம் ஒன்றே. இடங்கள் மட்டுமே பல.

“திருகுகளைக் குறைத்தால் காவல் தளராதோ?” என்று கேட்கலாம். தக்க கேள்விதான். 2023 ஆகஸ்டில் நடந்த ஒரு பெருந்தாக்குதல் இதற்கு விடை தருகின்றது. எச்.டி.டி.பி. இரண்டாம் பதிப்பில் ஓர் இணைப்பில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வேண்டுகோள்களுக்கு வரம்பு இட இடமுண்டு. தாக்கியோர் வேண்டுகோளை அனுப்பிய கணமே அதனை நீக்கிக்கொண்டனர். ஆகவே திறந்திருப்பவற்றின் எண்ணிக்கை வரம்பை எட்டவே இல்லை. சர்வரோ வேலை செய்து களைத்தது. கூகுள் நிறுவனம் சந்தித்த அத்தாக்குதல் நொடிக்கு 39.8 கோடி வேண்டுகோள் என்னும் உச்சத்தைத் தொட்டது. வரம்பு இல்லாமை அங்குக் குறையன்று. எண்ண வேண்டியதை எண்ணாமையே குறை. திருகுகள் பத்து இருந்தாலும் தவறானதை எண்ணினால் பயனில்லை. இரண்டே இருந்தாலும் சரியானதை எண்ணினால் போதும்.

அங்ஙனமாயின் எளிய அமைப்பு எப்படி இருக்கவேண்டும்? நம் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கின்றோம். கேட்கும் கேள்விகள் மூன்றாக இருக்கட்டும்: யாரை எண்ணுவது, எவ்வேகம், எவ்வளவு கையிருப்பு. எண்ணும் அலகும் பிரியாதிருக்கட்டும். தடையில்லை என்பதற்கும் முழுத்தடை என்பதற்கும் சுழியத்தை நாடாமல் சொற்களையே எழுதச் செய்யட்டும். ஒன்றும் எழுதாதவர்க்கும் தீங்கு செய்யாத இயல்பான மதிப்பு இருக்கட்டும். நிரல் இயங்கத் தொடங்கும்போதே, “ஒரு முகவரிக்கு நொடிக்குப் பத்து, நெருக்கடியில் நாற்பது” என்று தான் புரிந்துகொண்டதை ஒரு வாக்கியத்தில் வெளியிடட்டும். அவ்வொரு வாக்கியம் அன்று எழுதியவர் கண்ணில் பட்டிருந்தால் தவறு அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும்.

இன்னும் ஒன்று. எளிமை செய்கின்றோம் என்று கருதிப் பழைய பெயருக்கு ஓசையின்றிப் புதுப்பொருள் கொடுத்தல் ஆகாது. நேற்று நிமிடத்தைக் குறித்த சொல் இன்று நொடியைக் குறித்தால் பழைய குறிப்புகள் எல்லாம் பொய்யாகும். கால அட்டவணையை மாற்றும்போது முன்னறிவிப்புக் கொடுப்பதுபோல், புதுப்பெயர் இட்டு, பழைய பெயரையும் சிலகாலம் ஏற்று, எச்சரிக்கையும் கூறி, பின்னரே நீக்கவேண்டும்.

திருப்பி அனுப்பப்படுவோர்க்கும் மரியாதை வேண்டும். 2012இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6585, மிகுதியான வேண்டுகோளுக்கென 429 என்னும் தனி எண்ணை வகுத்தது. எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்றும் சேர்த்துச் சொல்ல அஃது இடங்கொடுக்கின்றது. “பிறகு முயல்க” என்பதற்கும் “இருபது நொடி கழித்து முயல்க” என்பதற்கும் உள்ள வேற்றுமை, நான்கரை மணிக்குக் கைபிசைந்து நிற்கும் ஒரு பெண்ணுக்கே தெரியும்.

முடிக்குமுன் நம் குற்றம் ஒன்றையும் அவையோர்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நம் மகனின் பதிவு காலையிலேயே முடிந்துவிட்டது. எனினும் மாலையில், வரிசையில் அவன் இடம் மாறிற்றா என்று பார்க்கும் ஆவலால் நாம் அப்பக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தோம். நம்மைப் போல் வேறு சிலரும் அழுத்தினர் என்று பின்னர் அறிந்தோம். தட்டில் அவ்வப்போது விழுந்த வில்லைகளை நாமே எடுத்துத் தீர்த்தோம். சுவருக்கு அப்பால் ஒருத்திக்கு ஒன்றேனும் எஞ்சவில்லை. ஒரே முகவரியின் பின்னால் வாழ்கின்றோம் என்பதை நாம் அன்று அறிந்திருக்கவில்லை. அவள் பெற்றோரிடம் இதனைச் சொன்னோம். “தெரிந்தா செய்தீர்கள், அண்ணா?” என்றார் அவள் தாயார். அச்சொல் ஆறுதலாகவும் இருந்தது, சுமையாகவும் இருந்தது.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். தாய்மார்களே, பெரியோர்களே! இத்தகைய கடைசி நாள்களில், வேலை முடிந்தவர் கைவிலகி நிற்போம். மிகுதி என்று திரை கூறினால் சற்றுப் பொறுப்போம். அவசரமானவர்க்குக் கைப்பேசியின் தனி இணைப்பைத் தந்து உதவுவோம். இதற்கென ஒருவரை ஒருவர் கேட்டறியும் ஏற்பாட்டைச் சங்கம் இவ்வாண்டு மேற்கொண்டிருக்கின்றது.

மென்பொருள் பயிலும் இளைஞர்களே! நாளை உங்களுள் ஒருவர் இத்தகைய நிரலகத்தை எழுதக்கூடும். அல்லது அதன் அமைப்புக் குறிப்பில் ஓர் எண்ணை இடக்கூடும். அப்பொழுது பத்தாம் வகுப்புப் படித்த ஓர் எழுத்தர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு விளங்குமானால் அஃது எல்லோர்க்கும் விளங்கும். “பத்து” என்று எழுதுமுன், எதற்குப் பத்து, யாருக்குப் பத்து என்று அவர் கேட்பார். அக்கேள்விக்கு அக்குறிப்பிலேயே விடை இருக்கட்டும்.